சேக்கிழார் எடுத்து முடித்த கருமம்

பெருங்கருமம் ஒன்றை வாழ்நாளில் ஒருகாலேனும் எண்ணாதார் சிலரே. எண்ணியதைத் தொடங்குவோர் பலரல்லர். தொடங்கியதை முடிவு காண்போர் மிகச் சிலர். அம்மிகச் சிலருள் ஒருவர் நம் பூந்தமல்லிக்குத் தெற்கே சில கல் தொலைவிலுள்ள குன்றத்தூரிற் பிறந்தார். அப்பெருமையைப் பேசுதலோடு நாம் நின்றுவிடுகின்றோம். அவர் அக்கருமத்தை எங்ஙனம் முடித்தார் என்பதை ஈண்டுச் சிறிது கூறுவாம்.

வேளாளர் மரபில் சேக்கிழார் குடியிற் பிறந்த இவரது இயற்பெயர் அருண்மொழித்தேவர். இவரது கல்விச் சிறப்பறிந்த சோழவேந்தன் இவரை அமைச்சராக்கி, உத்தமசோழப் பல்லவர் என்னும் பட்டமும் அளித்தனன். அநபாயன் எனப்படும் அவ்வேந்தன், 1133 முதல் 1150 வரை ஆண்ட இரண்டாங் குலோத்துங்கனே என்பது ஆராய்ச்சியாளர் பலர் துணிபு. சோழநாட்டுத் திருநாகேச்சரத்தில் அன்பு மிகுந்த சேக்கிழார், தம் ஊரிலும் அப்பெயரால் ஒரு திருக்கோயில் எடுப்பித்தார். அதனை இன்றும் அங்கே தரிசிக்கலாம்.

அரசன் சீவகசிந்தாமணியின் சுவையில் ஆழ்ந்திருந்த காலத்து, அமைச்சர் அவனுக்கு அடியார் வரலாற்றை எடுத்துரைத்தார் என்றும், அதனை விரித்துப் பாடுமாறு அவன் வேண்டிப் பொருளுதவியும் செய்தான் என்றும் சேக்கிழார் புராணம் கூறும். இவர் அமைச்சுத் தொழிலை அகன்று தில்லை சென்று தங்கினார். இதனை நாம் ஒரு வரியிற் படித்துக் கடந்துவிடுகின்றோம். கையிலிருந்த அதிகாரமோ மெய். எழுதப்படாத நூலோ வெறும் எண்ணம். மெய்யை விட்டு எண்ணத்தைப் பற்றுதற்கு எத்துணை நெஞ்சுரம் வேண்டும்!

அவர் கையிலிருந்த முதற்பொருளும் சிறிதே. சுந்தரமூர்த்தி சுவாமிகளின் திருத்தொண்டத்தொகை 11 செய்யுட்களால் தனியடியார் 60 பேரையும் தொகையடியார் ஒன்பதின்மரையும் குறிப்பது. பலர்க்கு ஓரிரு சொற்களே உண்டு. நம்பியாண்டார் நம்பியின் அந்தாதி அதனைச் சற்றே விரித்தது. இவற்றையும் மூவர் தேவாரத்தையும் துணையாகக்கொண்டு 4000-க்கு மேற்பட்ட செய்யுட்களைச் சேக்கிழார் பாடினார். சம்பந்தர் வரலாறு மட்டுமே 1200-க்கு மேற்பட்ட செய்யுட்களாம். அவ்வளவு பரந்த நூல் சிதறாவண்ணம், சுந்தரர் வரலாற்றையே முதலும் முடிவுமாக வைத்து, தொகையின் 11 செய்யுட்களுக்கும் ஒவ்வொரு சருக்கம் வகுத்து, ஆக 13 சருக்கங்களாக அமைத்தார். பேராசை வேறு, பெருமுயற்சி வேறு என்பதை இவ்வொழுங்கே காட்டும்.

மற்றொன்றும் நாம் நினைதற்பாலது. நம்மவரென்று நாம் கொண்டாடும் இவர் தம் மரபினரை மட்டும் பாடினாரல்லர். வேடராகிய கண்ணப்பரும், குயவராகிய திருநீலகண்டரும், பரதவராகிய அதிபத்தரும் அவர் நூலில் ஒப்ப வீற்றிருக்கின்றனர். குறுகிய நோக்கத்தொடு பாடியிருப்பின் அந்நூல் குன்றத்தூரளவில் நின்றிருக்கும்; பன்னிரண்டாந் திருமுறையாகியிராது.

தில்லை ஆயிரக்கால் மண்டபத்திற் சித்திரைத் திருவாதிரையில் தொடங்கிய அரங்கேற்றம், மறு ஆண்டு அந்நாளில் நிறைவெய்தியது என்பர். நூலையும் ஆசிரியரையும் யானைமேலேற்றி, அரசன் தானே பின்னிருந்து கவரி வீசினான் என்பதும் வழக்கு.

இதனை எழுதும் யாமும் ஒரு நூலுக்கு உரை எழுதத் தொடங்கிப் பத்தாண்டாக முடித்திலோம். பொழுதில்லை என்பது யாம் கூறுங் காரணம். ஆயின் எதனையும் விடத் துணிந்திலோம் என்பதே உண்மை.

எனினும் குறை முயல்வோரிடத்து மட்டுமன்று. நம் பிள்ளைகள் உயர்ந்ததொன்றை விரும்பின், பயன் யாது, எப்பொழுது வரும் என்றே முதலிற் கேட்கின்றோம். அநபாயன் கவரி வீசியது நூல் முடிந்தபின். பொருள் கொடுத்ததோ ஓரடியும் எழுதப்படுமுன். வென்றபின் மாலையிடுதற்கு ஊரெல்லாம் வரும். அதற்கு முன்னர் உணவும் புத்தகமும் சில ஆண்டும் அளிப்பார் வேண்டும். நம் சங்கத்தாரும் ஒவ்வொரு குடும்பத்துப் பெரியோரும் அவ்வுதவியை மேற்கொள்வராக.