பூமி சுற்றுவதைப் பாடிய புலவர்

சூரியன் கிழக்கே உதிக்கிறது. மேற்கே மறைகிறது. கண்ணுக்கு அப்படித்தான் தெரிகிறது. ஆனால் உண்மையில் சுழலுவது பூமிதான். இன்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகூட இதைச் சொல்லிவிடும்.

இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே இதைத் தமிழில் பாடினார் ஒருவர். அவர்தான் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார்.

நெல்லைச் சிறுவன்

வேதநாயகம் 1774-ம் ஆண்டு திருநெல்வேலியில் பிறந்தார். தந்தை பெயர் தேவசகாயம். சிறுவனின் கூர்மையான அறிவைக் கண்டார், ஜெர்மன் பாதிரியாரான சுவார்ட்ஸ் ஐயர். தம்முடன் தஞ்சாவூருக்கு அழைத்துச் சென்றார். பிற்காலத்தில் தஞ்சை மன்னரான இரண்டாம் சரபோஜியும் அந்தப் பாதிரியாரிடம் படித்தவரே.

பிறகு வேதநாயகம் தரங்கம்பாடிக்குப் போனார். அங்கே வேத பாடத்தோடு வானசாஸ்திரமும் கணக்கும் கற்றார். தஞ்சைக்குத் திரும்பி, இளம் வயதிலேயே பள்ளித் தலைமை ஆசிரியர் ஆனார்.

நின்ற சூரியன்

வானசாஸ்திரம் படித்த கிறிஸ்தவருக்கு ஒரு சிக்கல் உண்டு.

பைபிளில் யோசுவா என்ற தலைவரின் கதை வருகிறது. போர் முடியும்வரை சூரியன் நிற்க வேண்டும் என்று அவர் கேட்டார். சூரியனும் நின்றது என்கிறது அந்தக் கதை.

நின்றது என்றால், அதற்கு முன் ஓடியிருக்க வேண்டுமே! அப்படியானால் ஓடுவது பூமி என்பது வேதத்துக்கு விரோதம் அல்லவா?

இந்தக் கேள்வி ஐரோப்பாவையே கலக்கியது. இத்தாலி நாட்டு அறிஞர் கலிலியோ 1615-ல் இதற்கு விடை எழுதினார். வேதம் பாமர மக்களுக்கும் புரியும்படி, கண்ணுக்குத் தெரிவதை வைத்துப் பேசுகிறது. ஆகவே முரண்பாடு இல்லை என்றார். ரோமாபுரிச் சபை ஏற்கவில்லை. 1633-ல் அவரைத் தண்டித்தது. கலிலியோ வீட்டுக்காவலிலேயே 1642-ல் இறந்தார். அவருடைய நூல் தடைப் பட்டியலிலிருந்து நீங்கியது 1835-ல்தான்!

பெத்லகேம் குறவஞ்சி

சாஸ்திரியார் லுத்தர் சபையைச் சேர்ந்தவர். புதிய வானசாஸ்திரத்தைப் படிக்க அவருக்குத் தடை இருக்கவில்லை.

1800-ம் ஆண்டு வாக்கில் அவர் பெத்லகேம் குறவஞ்சியைப் பாடினார். குற்றாலக் குறவஞ்சியைப் போலவே இதிலும் குறத்தி வருகிறாள், குறி சொல்கிறாள். ஆனால் நாயகன் ஏசுநாதர். நாயகி கிறிஸ்தவ சபை.

இந்த நூலில்தான் சூரியனைப் பூமியும் மற்றக் கிரகங்களும் சுற்றும் விதம் பாட்டாக வருகிறது. உலக நாடுகளும் வருகின்றன. பூமி ஓடுவதால் கடவுளின் பெருமை குறைந்துவிடவில்லை. அதை ஓடவைத்தவரின் வல்லமைக்கு அதுவே சாட்சி ஆயிற்று.

சாஸ்திரியார் 1864-ல், 89-வது வயதில் காலமானார். அவர் இயற்றிய கீர்த்தனைகள் இன்றும் தமிழ்நாட்டுத் தேவாலயங்களில் ஒலிக்கின்றன.

மாலையில் பொழுது சாய்ந்தது என்கிறோம். சாய்ந்தது பொழுதல்ல, திரும்பியது பூமி என்பதும் நமக்குத் தெரியும். இரண்டையும் ஒரே வாயால் சொல்வதில் யாருக்கும் சங்கடம் இல்லை. சாஸ்திரியாருக்கும் இருக்கவில்லை.