கரும்புத் தீவில் ஒரு சிதம்பரம்

நம் புதுவைப் பெரிய மார்க்கெட்டின் மளிகைக் கடைகளைக் கடந்து போகும்போது மஞ்சளும் மல்லியும் கடுகும் வெந்தயமும் கலந்த மணம் நம்மைத் தொடர்ந்து வரும். இதே மணம் பல்லாயிரம் மைல்களுக்கு அப்பால், குவாதலூப் என்னும் பிரெஞ்சுத் தீவின் சமையலறைகளிலும் வீசுகிறது. இவற்றை அரைத்துச் செய்யும் பொடிக்கு அங்கே கொலொம்போ என்று பெயர். அந்தக் கைப்பக்குவத்தை அங்கே கொண்டு சேர்த்தவர்கள் நம் கரையிலிருந்து கப்பலேறிய ஏழை மக்கள். அவர்களுடைய பிள்ளைகளின் குடியுரிமைக்காகப் போராடிய ஹென்றி சிதம்பரம் என்ற பெருமகனாரின் வாழ்க்கையை இங்கே காண்போம்.

பிரெஞ்சுத் தீவுகளில் 1848-ஆம் ஆண்டு அடிமை முறை ஒழிக்கப்பட்டது. விடுதலை பெற்றவர்களில் பலர் பழைய தோட்டங்களில் உழைக்க விரும்பவில்லை. ஆகவே கரும்புத் தோட்ட முதலாளிகள் இந்தியாவிலிருந்து ஆட்களை வரவழைத்தனர். பசியாலும் கடனாலும் வாடியவர்களைத் தரகர்கள் ஆசை வார்த்தை கூறிப் புதுவைக்கும் காரைக்காலுக்கும் அழைத்து வந்தனர். முதல் கப்பலாகிய 'ஒரேலி' 1854 டிசம்பர் 24-ஆம் நாள், கிறிஸ்துமஸுக்கு முந்திய தினம், குவாதலூப்பை அடைந்தது. 1889 வரை சுமார் 42,000 இந்தியர்கள் அங்கே போய் இறங்கினர்.

ஒப்பந்தம் ஐந்து ஆண்டுகளுக்கு. அடிமைகள் வாழ்ந்த குடிசைகளிலேயே பல குடும்பங்கள் தங்க வைக்கப்பட்டன. பொழுது புலரும் முன் மணி ஒலிக்கும். ஆண்கள் கரும்பை வெட்டுவார்கள். பெண்கள் பின்னால் வந்து அதைக் கட்டுக் கட்டாகக் கட்டுவார்கள். சிறுவர் சிறுமியர் தனிக் கூட்டமாகக் களை பறிக்கச் செல்வார்கள். அரிசியும் உப்பிட்ட மீனும் படியாகக் கிடைக்கும். பெண்ணின் கூலி ஆணின் கூலியைவிடக் குறைவு. அனுமதிச் சீட்டின்றித் தோட்டத்தை விட்டு வெளியே போனால் நாடோடி என்று பிடித்துத் தண்டிப்பார்கள். ஊர் திரும்ப இலவசப் பயணம் உண்டு என்று ஒப்பந்தம் கூறினாலும், திரும்பியவர்கள் சிறு பகுதியினரே. நோயாலும் கடும் உழைப்பாலும் மிகப் பலர் அந்த மண்ணிலேயே மடிந்தனர்.

இத்தனை துன்பத்திலும் அவர்கள் மாரியம்மனையும் மதுரை வீரனையும் மறக்கவில்லை. பலர் ஞானஸ்நானம் பெற்றுக் கோயில் பூசைக்கும் சென்றனர். பெயர்களை எழுத்தர்கள் காதில் விழுந்தபடி எழுதிக்கொண்டதால் நாகப்பன் 'நாகப்பின்' ஆனார்; வீரப்பன் 'விரப்பின்' ஆனார்.

இத்தகைய மக்களிடையே 1863-ஆம் ஆண்டு கபேஸ்தேர் என்னும் ஊரில் ஹென்றி சிதம்பரம் பிறந்தார். பெற்றோர் இந்தியாவிலிருந்து வந்தவர்கள். பிரெஞ்சுக் கல்வி பெற்ற அவர் தம் இனத்தாரின் நிலையை எண்ணி வருந்தினார். அடிமைகளாயிருந்தவர்களின் மக்கள் பிரெஞ்சுக் குடிமக்களாகிவிட்டனர். ஆனால் அதே தீவில் பிறந்து, அதே வயலில் உழைத்த இந்தியர்களின் மக்களுக்கு வாக்கு இல்லை. பெற்றோர் பிரிட்டிஷ் இந்தியாவின் பிரஜைகளாக வந்தவர்கள், ஆகவே பிள்ளைகளும் அந்நியரே என்று அதிகாரிகள் வாதாடினர். அப்படியானால் அவர்களுக்குச் சொந்த நாடு எது? அவர்கள் கண்ணால் கூடப் பார்த்திராத நாட்டையா சொந்த நாடு என்பது?

1904-ல் இந்திய வம்சத்து இளைஞர்களின் பெயர்களை வாக்காளர் பட்டியலில் சேர்க்கச் சிதம்பரம் முயன்றார். ஆளுநர் அதை எதிர்த்தார், வழக்கு மூண்டது. அந்தப் போராட்டம் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நீடித்தது. அவர் ஆயுதம் ஏந்தவில்லை. சட்டத்தைக் கற்று, சட்டத்தைக் கொண்டே வாதாடினார். இறுதியில் 1923-ல் பிரெஞ்சுப் பிரதமர் புவான்காரேயின் அரசு அவர் கோரிக்கைக்கு இணங்கியது. அப்போது சிதம்பரத்துக்கு வயது அறுபதை எட்டிக் கொண்டிருந்தது.

எனினும் அந்த வெற்றி ஆண்களுக்கு மட்டுமே உரியதாயிற்று. பிரெஞ்சு நாட்டில் எந்தப் பெண்ணுக்கும் அன்று வாக்குரிமை இல்லை. வெயிலில் கரும்புக் கட்டுச் சுமந்த தாய்மாரின் பெண்மக்கள் 1944 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதையும் கண்டுவிட்டே 1952-ல் சிதம்பரம் கண் மூடினார்.

இன்று அவர்களின் சந்ததியார் தமிழ் பேசுவதில்லை. கிரியோலும் பிரெஞ்சும் பேசுகின்றனர். ஆயினும் குடும்பப் பெயரிலும் குழம்பின் மணத்திலும் நம் ஊர் வாழ்கிறது. தோழியரே, பதினெட்டு வயதானதும் நம் பெயர் தடையின்றி வாக்காளர் பட்டியலில் ஏறிவிடுகிறது. பிறந்த மண்ணில் தம் மக்களின் பெயரை எழுத வைப்பதற்கே ஒருவர் இருபது ஆண்டுகள் போராடினார் என்பதை அன்று நாம் நினைத்துக் கொள்வோமாக!