சுவருக்குள்ளே ஒரு தபால் ஆபீஸ்

நம்ம கல்ச்சுரல்ஸ்ல நாடகம் போடுறோம். ரெண்டு வாரம் ரிகர்சல், இருபது நிமிஷம் மேடை, கைதட்டல், அதோட மறந்துடுவோம். ஆனா 1942-ல் அனாதைக் குழந்தைகள் சேர்ந்து போட்ட ஒரு நாடகத்தை உலகம் இன்னும் மறக்கவில்லை. போலந்தின் தலைநகர் வார்சாவில் நடந்தது அது. எழுதியவர் நம்ம தாகூர். அதைத் தேர்ந்தெடுத்தவர் ஒரு குழந்தை டாக்டர், யானுஷ் கோர்ச்சாக்.

அவருடைய உண்மையான பெயர் ஹென்ரிக் கோல்ட்ஷ்மிட். வார்சாவில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். 1898-ல் ஒரு போட்டிக்கு நாடகம் எழுதி அனுப்பியபோது வைத்துக்கொண்ட புனைபெயர்தான் கோர்ச்சாக். கடைசி வரைக்கும் அதுவே நின்றுவிட்டது.

டாக்டராக நன்றாகச் சம்பாதித்திருக்கலாம். அதை விட்டுவிட்டு 1912-ல் யூத அனாதைக் குழந்தைகளுக்கான இல்லத்தின் பொறுப்பை ஏற்றார். கூடவே இருந்து அதை நடத்தியவர் ஸ்டெபானியா வில்சின்ஸ்கா. அந்த இல்லத்தில் குழந்தைகளுக்கென்று தனிப் பாராளுமன்றம், தனிப் பத்திரிகை, தனி நீதிமன்றம் எல்லாம் உண்டு. தப்பு செய்தால் டாக்டர் மேலேயே குழந்தைகள் கேஸ் போடலாம். போட்டும் இருக்கிறார்கள்!

1930-களில் அவர் ரேடியோவில் பேச ஆரம்பித்தார். ஆனால் சொந்தப் பெயரில் இல்லை. 'வயசான டாக்டர்' என்று மட்டும்தான் நேயர்களுக்குத் தெரியும். நாடே ரசித்துக் கேட்டது. அதே நேரம் போலந்தில் யூத வெறுப்பும் வளர்ந்துகொண்டிருந்தது. ஒரு யூதர் எப்படி நம் குழந்தைகளுக்குப் புத்தி சொல்லலாம் என்ற எதிர்ப்பு கிளம்பி, 1936-ல் நிகழ்ச்சி நிறுத்தப்பட்டது. ஹிட்லரின் படை போலந்துக்குள் வர இன்னும் மூன்று வருஷம் இருந்தது. கவனிச்சீங்களா? முதல்ல பறிபோனது ஒரு மைக்தான்.

1940-ல் நாஜிகள் வார்சாவின் யூதர்களை ஒரு பகுதிக்குள் தள்ளிச் சுற்றிலும் சுவர் எழுப்பினார்கள். நான்கு லட்சத்துக்கும் அதிகமான மனிதர்கள் அதற்குள் அடைபட்டார்கள். இல்லமும் அங்கே மாற்றப்பட்டது. வரும் வழியில் பறிக்கப்பட்ட உருளைக்கிழங்கு வண்டியைத் திருப்பிக் கேட்கப் போனார் கோர்ச்சாக். யூதர்கள் கட்டாயம் கட்ட வேண்டிய கைப்பட்டையை அவர் கட்டியிருக்கவில்லை. பிடித்துச் சிறையில் போட்டார்கள். வெளியே வந்த பிறகு, சுமார் 200 குழந்தைகளுக்காகத் தினமும் வீடு வீடாகப் போய் உணவு கேட்டு வாங்கினார்.

இந்தப் பசிக்கு நடுவில்தான் 1942 ஜூலை 18 அன்று தாகூரின் 'டாக் கர்', அதாவது தபால் ஆபீஸ், மேடையேறியது. அமல் என்ற சிறுவனுக்கு உடம்பு சரியில்லை. வெளியே போகக் கூடாது என்று வைத்தியர் சொல்லிவிடுகிறார். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து தயிர்க்காரரிடமும் காவல்காரரிடமும் பேசுகிறான். எதிரே புதிதாக ஒரு தபால் ஆபீஸ் வந்திருக்கிறது. ராஜாவிடமிருந்து தனக்குக் கடிதம் வரும் என்று காத்திருக்கிறான். கடைசியில் ராஜ வைத்தியர் வந்து கதவு ஜன்னல் எல்லாவற்றையும் திறக்கச் சொல்கிறார். அமல் அமைதியாகத் தூங்கிவிடுகிறான்.

அடைபட்ட குழந்தைகள் ஒரு அடைபட்ட குழந்தையாக நடித்தார்கள். மரணத்தைப் பயமில்லாமல் எதிர்கொள்ளக் குழந்தைகளைத் தயார்படுத்தவே இந்த நாடகத்தைத் தேர்ந்தெடுத்ததாக கோர்ச்சாக் சொன்னாராம்.

நாலே நாள். ஜூலை 22 அன்று யூதர்களை ரயில் ஏற்றி ட்ரெப்ளிங்கா கொலை முகாமுக்கு அனுப்பத் தொடங்கினார்கள். கோர்ச்சாக்கைத் தப்ப வைக்க நண்பர்கள் பலமுறை முயன்றார்கள். குழந்தைகளை விட்டு வர அவர் ஒப்புக்கொள்ளவில்லை. ஆகஸ்ட் முதல் வாரத்தில் அவரும் ஸ்டெபானியாவும் மற்ற ஊழியர்களும் குழந்தைகளோடு வரிசையாக நடந்து ரயில் ஏறினார்கள். அவர்கள் யாரும் திரும்பவில்லை.

நாஜிகள் கொன்ற யூதர்கள் சுமார் 60 லட்சம். இவ்வளவு பெரிய எண் மனசுல பதியாது. ஒரு டாக்டர், ஒரு ஜன்னல், இருநூறு குழந்தைகள் என்றால் பதியும். அதனால்தானோ என்னவோ, அவர் கதையை மறுபடி மறுபடி மேடைதான் எடுத்துக்கொள்கிறது. 1957-ல் ஜெர்மனியிலேயே எர்வின் சில்வானுஸ் 'கோர்ச்சாக்கும் குழந்தைகளும்' என்ற நாடகத்தை எழுதினார். போரைப் பற்றிப் பலர் வாயே திறக்காத காலம் அது. தங்கள் நாட்டுக்காரர்கள் செய்ததை ஜெர்மானிய ரசிகர்கள் இருட்டில் உட்கார்ந்து பார்க்க வேண்டியிருந்தது.

இன்று ட்ரெப்ளிங்காவில் சுமார் 17,000 நினைவுக் கற்கள் நிற்கின்றன. பல கற்களில் ஊர்ப் பெயர்கள் இருக்கின்றன. தனி மனிதர் பெயர் பொறித்த கல் ஒன்றே ஒன்றுதான்: கோர்ச்சாக்குடையது. அதிலும் அவர் பெயரோடு குழந்தைகளையும் சேர்த்தே எழுதியிருக்கிறார்கள்.

தாகூரின் நாடகம் அமல் தூங்குவதோடு முடிவதில்லை. பூக்காரச் சிறுமி சுதா வருகிறாள். அவன் கண் விழித்ததும், தான் அவனை மறக்கவில்லை என்று சொல்லச் சொல்கிறாள். வார்சா குழந்தைகளுக்கு அதைச் சொல்ல வேண்டியது இனி நாம்தான்.