பை தேற்றத்துக்கு முன்னாடி ஒரு பிடி மண்

ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் பரீட்சையில் பக்கிங்ஹாம் பை தேற்றம் எழுதி மார்க் வாங்கியிருப்பீங்க. அந்த பக்கிங்ஹாம் நாலு வருஷம் மண்ணோடு மல்லுக்கட்டின ஆள்னு தெரியுமா?

எட்கர் பக்கிங்ஹாம் 1867-ல் ஃபிலடெல்ஃபியாவில் பிறந்தார். ஹார்வர்டில் இயற்பியல். 1893-ல் ஜெர்மனியின் லைப்சிக்கில், ஆஸ்ட்வால்டிடம் முனைவர் பட்டம். 1900-ல் வெப்ப இயக்கவியலுக்கு ஒரு பாடப்புத்தகம். இப்படிப்பட்டவர் 1902-ல் போய்ச் சேர்ந்தது அமெரிக்க வேளாண் துறையின் மண் பிரிவில்!

அங்கே அவர் முன்னாடி இருந்த கேள்வி: மண்ணுக்குள்ள தண்ணி எந்தப் பக்கம் போகும்? ஈரமான இடத்திலிருந்து காய்ஞ்ச இடத்துக்குன்னு சொல்லத் தோணும். அவசரப்படாதீங்க. 10 சதவீதம் ஈரமுள்ள மணலையும் 20 சதவீதம் ஈரமுள்ள களிமண்ணையும் ஒட்டி வைங்க. தண்ணி மணலிலிருந்து களிமண்ணுக்குத்தான் போகும். களிமண்ணின் துளைகள் ரொம்பப் பொடிசு. நுண்துளை ஈர்ப்பு அங்கே அவ்வளவு பலம்.

ஆக, எவ்வளவு தண்ணி இருக்குன்னு பார்த்தால் போதாது. மண் அதை எவ்வளவு இறுக்கிப் பிடிச்சிருக்குன்னு பார்க்கணும். அந்தப் பிடியிலிருந்து தண்ணியைப் பிரிச்செடுக்கச் செய்ய வேண்டிய வேலையைத்தான் அவர் நுண்துளை அழுத்தநிலை என்றார். மின்னோட்டத்துக்கு வோல்ட்டேஜ், வெப்பத்துக்கு வெப்பநிலை மாதிரி, மண்ணில் தண்ணிக்கு இது. ஓம் விதியையும் ஃபூரியே விதியையும் மனசில் வச்சுத்தான் சமன்பாட்டை எழுதினார். ஒரு சிக்கல் மட்டும் கூடுதல்: இங்கே கடத்துதிறன் மாறிலி இல்லை. மண் காயக் காய பெரிய துளைகள் முதலில் காலியாகும், தண்ணிக்குப் பாதை சுருங்கும்.

இதை அளக்க அன்னைக்குக் கருவி ஏது? உயரமான குழாயில் மண்ணை நிரப்பி, அடியைத் தண்ணியில் வச்சு, மேலே ஆவியாகாமல் மூடி, வாரக்கணக்கில் காத்திருந்தார். ஓட்டம் நின்னதும் ஒவ்வொரு உயரத்திலும் ஈரத்தை அளந்தார். நீர்மட்டத்துக்கு மேலே இருக்கிற உயரமே அங்கே மண் இழுக்கிற இழுப்புக்கு அளவு! எனக்கு பை தேற்றத்தை விட இதுதான் பிடிக்கும்.

1907-ல் அந்த அறிக்கை வெளிவந்தபோது அவர் மண் பிரிவிலேயே இல்லை. தேசியத் தர நிர்ணய நிறுவனத்துக்குப் போயிட்டார். 1914-ல் பை தேற்றக் கட்டுரை. பெயர் அதோடயே ஒட்டிக்கிச்சு. 1931-ல் ரிச்சர்ட்ஸ் அந்தப் பழைய சமன்பாட்டோடு நிறை அழியாமை விதியைச் சேர்த்தார். சிவில் மாணவர்கள் படிக்கிற ரிச்சர்ட்ஸ் சமன்பாடு அப்படி வந்ததுதான். பக்கிங்ஹாம் 1940-ல் காலமானார்.