தட்டணுக்களைக் கண்டுசொன்ன பிஸோஸெரோ

விளையாடும்போது கீழே விழுந்து முழங்காலில் சிராய்த்துக்கொள்கிறீர்கள். ரத்தம் கசிகிறது. ஓடிப்போய் அம்மாவிடம் காட்டுவதற்குள் பாதி நின்றுவிடுகிறது! யார் வந்து அடைத்தார்கள்? உங்கள் ரத்தத்தில் மிதக்கும் குட்டிக்குட்டித் தட்டணுக்கள்தான். டெங்கு காய்ச்சல் வந்தால், 'பிளேட்லெட்' குறைந்துவிட்டது என்று பெரியவர்கள் கவலையோடு பேசிக்கொள்வார்களே, அதேதான்.

பிறந்து சில நாட்களே ஆன குழந்தைக்கு இவை குறைந்துபோனால் என்ன ஆகும்? தீவிர சிகிச்சைப் பிரிவில் கண்ணாடிப் பெட்டிக்குள் படுத்திருக்கும் குறைமாதக் குழந்தைகள் பலருக்கு இப்படி நேர்கிறது. கடுகு அளவு ரத்தத்தில் 1,50,000 தட்டணுக்களாவது இருக்க வேண்டும். கிருமித்தொற்று வந்தாலோ, தாயின் வயிற்றில் சரியாக ஊட்டம் கிடைக்காமல் போயிருந்தாலோ அந்த எண்ணிக்கை இறங்கிவிடும். ஒரு கிலோ எடையுள்ள குழந்தையின் உடம்பில் இருக்கும் மொத்த ரத்தமே ஒரு சின்ன டம்ளர் அளவுதான்! மூளைக்குள் ரத்தம் கசிந்தால் பெரும் ஆபத்து. அதனால்தான் டாக்டர்கள் இந்த எண்ணிக்கையைக் கண்ணும் கருத்துமாகப் பார்க்கிறார்கள்.

இப்படி எண்ணிப் பார்க்கவேண்டிய முக்கியமான ஒன்று ரத்தத்தில் இருக்கிறது என்று நிரூபித்தவர் ஜூலியோ பிஸோஸெரோ. இத்தாலியில் வரேஸே என்ற ஊரில் 1846-ஆம் ஆண்டு பிறந்தார். படிப்பில் படுசுட்டி. 20 வயதில் பாவியா பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் வாங்கிவிட்டார். 26 வயதில் டூரின் நகரப் பல்கலைக்கழகத்துக்குப் பேராசிரியராகப் போனார். கமில்லோ கோல்ஜி என்ற விஞ்ஞானிக்கு நுண்ணோக்கி வேலையைச் சொல்லிக்கொடுத்தவரும் இவர்தான். இதில் ஒரு வேடிக்கை, மாணவர் ஆசிரியரைவிட மூன்று வயது மூத்தவர்!

ரத்தத்தில் மிகச் சிறிய துணுக்குகள் மிதப்பதை பிஸோஸெரோவுக்கு முன்பே சிலர் பார்த்திருந்தார்கள். ஆனால் ஏதோ தூசு என்றும், உடைந்துபோன வெள்ளையணுவின் துண்டு என்றும் ஒதுக்கிவிட்டார்கள். உடம்பிலிருந்து வெளியே எடுத்த ரத்தம் சீக்கிரம் கெட்டுவிடும். அப்போது உண்டாகும் குப்பைதான் இது என்று அவர்கள் சொன்னால் எப்படி மறுப்பது?

பிஸோஸெரோ ஒரு வழி கண்டுபிடித்தார். ரத்தத்தை வெளியே எடுக்காமல், உடம்புக்குள் ஓடும்போதே பார்த்துவிட்டால்? கினிப்பன்றிக்கு மயக்க மருந்து கொடுத்தார். அதன் குடலைத் தாங்கும் மெல்லிய சவ்வை நுண்ணோக்கியின் கீழே வைத்தார். கண்ணாடிபோன்ற அந்தச் சவ்வில் ரத்தக்குழாய்கள் தெளிவாகத் தெரிந்தன. ஓடும் ரத்தத்தில் சிவப்பணு, வெள்ளையணுவோடு அந்தத் துணுக்குகளும் ஓடிக்கொண்டிருந்தன! ஒரு குழாயின் சுவரைக் காயப்படுத்தினார். முதலில் ஓடிவந்து ஒட்டிக்கொண்டவை அந்தத் துணுக்குகள்தான். ஒன்றின்மேல் ஒன்றாகக் குவிந்து ஓட்டையை அடைத்தன. வெள்ளையணுக்கள் பிறகுதான் வந்தன.

சின்னத் தட்டு போல இருந்ததால் அந்தப் பொருளிலேயே இத்தாலிய மொழியில் ஒரு பெயர் வைத்து, 1882-இல் விரிவாக எழுதி வெளியிட்டார். எல்லோரும் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. வாக்குவாதம் பல ஆண்டுகள் நடந்தது.

இந்தத் தட்டணுக்கள் எங்கே பிறக்கின்றன? அது மட்டும் அவருக்குப் பிடிபடவில்லை. பாவம், விடை அவர் கண்ணெதிரே இருந்தது! 1869-லேயே எலும்பு மஜ்ஜையில் ராட்சத அணுக்கள் இருப்பதைப் பார்த்து எழுதிவைத்தவர் அவர். தட்டணுக்களின் தாய் அதுதான் என்பது அவருக்குத் தெரியாது. பிற்காலத்தில் கண்நோய் வந்து, உயிராய் நேசித்த நுண்ணோக்கியைத் தொட முடியாமல் போனது. அதற்காக அவர் சும்மா உட்கார்ந்துவிடவில்லை. மக்களின் சுகாதாரத்துக்காகப் பாடுபட்டார். 1901-இல், 55 வயதில், நிமோனியா காய்ச்சலில் இறந்தார்.

1906-இல் ஜேம்ஸ் ஹோமர் ரைட் என்ற அமெரிக்க டாக்டர், ராட்சத அணுக்களிலிருந்து பிய்ந்து வருபவைதான் தட்டணுக்கள் என்று கண்டுபிடித்தார். அதே ஆண்டில் கோல்ஜிக்கு நோபல் பரிசு கிடைத்தது. இரண்டையும் பார்க்க பிஸோஸெரோ இல்லை.

இன்று பெரியவர்கள் தானமாகத் தரும் தட்டணுக்களைக் குழந்தைகளுக்கு ஏற்றுகிறார்கள். அந்தப் பைகளைக் குளிர்பெட்டியில் வைக்கமாட்டார்கள் தெரியுமா? அறை வெப்பத்தில், மெல்ல ஆடிக்கொண்டே இருக்கும் தட்டில் வைப்பார்கள், தொட்டிலில் போடுவதுபோல!

ஆனால் நிறைய ஏற்றினால் நிறைய நல்லது என்று நினைத்துவிடாதீர்கள். இங்கிலாந்து, அயர்லாந்து, நெதர்லாந்து நாடுகளில் 660 குறைமாதக் குழந்தைகளிடம் நடந்த ஆய்வின் முடிவு 2019-இல் வெளியானது. எண்ணிக்கை 50,000-க்குக் கீழே இறங்கியதுமே தட்டணு ஏற்றப்பட்ட குழந்தைகளைவிட, 25,000 வரை காத்திருந்து ஏற்றப்பட்ட குழந்தைகளே நன்றாக இருந்தார்கள்! பெரியவர்களின் தட்டணுக்கள் பச்சைக்குழந்தையின் தட்டணுக்களைவிட வேகமாக ஒட்டிக்கொள்ளும் குணம் உள்ளவை. அதுதான் காரணமா, வேறு ஏதாவதா என்று ஆராய்ச்சி இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.