கடல்கடக்க விழைந்த கவிஞர்

என்னிடம் பயிலும் மாணாக்கன் ஒருவன், உயர்தரப் பரீட்சை முடிந்த மறுவாரம் என் இல்லத்துக்கு வந்தான். கடல்கடந்து சென்று சர்வகலாசாலை ஒன்றிற் பயிலவும், ஆங்கிலத்திற் கவிதை இயற்றிப் பெயர் பெறவும் எண்ணியிருப்பதாகக் கூறித் தலைகவிழ்ந்து நின்றான். தமிழ்ப் பண்டிதனாகிய யான் சினப்பேன் என அஞ்சினான் போலும். யான் சினக்கவில்லை. வங்கக் கவிஞர் மைக்கேல் மதுசூதன தத்தரின் வரலாற்றை அவனுக்குச் சொன்னேன். சொல்லச் சொல்ல என் நெஞ்சிலேயே சில ஐயங்கள் எழுந்தன. ஆதலின் அதனை ஈண்டு எழுதலானேன்.

மதுசூதனர் 1824ஆம் ஆண்டு ஜனவரி 25ஆம் நாள், யசோர் மாவட்டத்திலே, கபோதாட்ச ஆற்றங்கரையில் உள்ள சாகர்தாரி என்னுங் கிராமத்திற் பிறந்தார். தந்தையார் இராஜநாராயண தத்தர், கல்கத்தாவிற் பொருள் குவித்த வழக்கறிஞர். தாயார் ஜானவி தேவியே இராமாயண பாரதக் கதைகளை மகனுக்கு முதன்முதல் ஊட்டியவர். கல்கத்தா இந்துக் கல்லூரியிற் சேர்ந்த பின்னர் அக்கதைகள் பிள்ளையின் மனத்திற் பின்னே ஒதுங்கின. அங்கே கப்ரன் றிச்சட்சன் என்னும் ஆசிரியர் ஆங்கிலக் கவிதையைச் சுவைபடக் கற்பித்தார். இங்கிலாந்து சென்றாலன்றித் தாம் பெருங்கவிஞராதல் இயலாது என்னும் எண்ணம் மாணவருடைய உள்ளத்தில் வேரூன்றியது. பதினெட்டு வயதிலே தம் ஆங்கிலப் பாடல்களை வேட்ஸ்வேத்துக்குக் காணிக்கையாக்கி அந்நாட்டுப் பத்திரிகைக்கு அனுப்பினார் என்றால், அவ்வாசையின் அளவை வாசகர் உணர்வர்.

அந்நாளிலே பெற்றோர் அவருக்குத் திருமணம் பேசினர். மதுசூதனரோ 1843 பெப்ரவரி 9ஆம் நாள் கிறித்தவராயினார். சமய நாட்டம் எவ்வளவு, மணத்துக்கு அஞ்சியது எவ்வளவு, கப்பற் கனவு எவ்வளவு என்று பிரித்தறிதல் எளிதன்று. மூன்றுங் கலந்திருந்தன என்பதே என் துணிபு. இந்துக் கல்லூரியிற் கிறித்தவர்க்கு இடமில்லை. எந்தக் கல்லூரி அவரைக் கவிஞராக்கியதோ அதன் வாயிலே அடைபட்டது. பின்னர் பிஷப் கல்லூரியிற் சேர்ந்து கிரேக்கமும் இலத்தீனும் சமஸ்கிருதமும் பயின்றார். தந்தையார் சில காலம் பொருளுதவி, பின்பு நிறுத்திவிட்டார்.

கையிற் பொருளின்றி 1848இல் சென்னை சேர்ந்து, அநாதைச் சிறுவர் பாடசாலை ஒன்றில் உபாத்தியாயரானார். றெபெக்கா என்னும் பெண்ணை மணந்தார். பாடசாலை வேலை போக எஞ்சிய பொழுதெல்லாம் எபிரேயம், கிரேக்கம், தெலுங்கு, சமஸ்கிருதம், இலத்தீன் என மணிக்கணக்கு வகுத்துக் கற்றார். உபாத்தியாயத் தொழிலின் களைப்பை அறிந்த யான், இச்செய்தியை எண்ணுந்தோறும் வியக்கின்றேன். பிருதிவிராஜன் கதையை 1849இல் ஆங்கிலக் காவியமாக வெளியிட்டார். கல்கத்தாவில் அதற்கு வரவேற்புக் குன்றியிருந்தது. கல்விச் சபைத் தலைவரான பெதூன் துரை, இத்துணை ஆற்றலைத் தாய்மொழிக்கு ஆக்கலாகாதா என நண்பர் வாயிலாக அறிவுறுத்தினார். ஆங்கிலேயர் ஒருவர் சொல்லியே நம்மவர்க்குத் தாய்மொழி நினைவு வரவேண்டியிருந்தது!

எனினும் வங்க நூல் உடனே பிறந்ததன்று. 1856இல் மதுசூதனர் றெபெக்காவையும் மக்களையும் சென்னையில் விட்டுக் கல்கத்தா சென்றார். மீண்டுவந்து அவர்களோடு வாழவில்லை. கதையை இவ்விடத்திற் கேட்ட என் மாணாக்கன், அப்பெண்மணி என்ன செய்தார் ஐயா என்று வினவினான். கவிஞர் வரலாறு சொல்வோர் பலர் அவ்விடத்தை விரைந்து கடப்பர். யானும் அவ்வாறே கடக்க முயன்றிருந்தேன். அவனுக்கு விடைகூற என்னால் இயலவில்லை.

கல்கத்தாவில் நாடகமேடைத் தொடர்பு வாய்த்தது. வங்க நாடகம் வறியதாயிருத்தல் கண்டு, 1859இல் சர்மிஷ்டையை வெளியிட்டார். அடுத்து வங்க யாப்பிற் கைவைத்தார். அம்மொழியின் பயார் யாப்பிலே ஈரடிக்கொருமுறை ஈற்றியைபு வரும். பொருளும் ஆங்கே முடியும். மில்ரனைப் பயின்ற மதுசூதனர் அவ்வியைபை நீக்கிப் பொருளை அடிகடந்து ஓடவிட்டார். ஆசிரியப்பாவிற் பழகிய நமக்கு இது பெரும் புதுமையாய்த் தோன்றாது. வங்கத்திலோ அணை உடைந்தாற்போன்ற செயல் அது.

அவ்யாப்பில் எழுந்ததே 1861இல் வெளிவந்த ஒன்பது சருக்கக் காவியமாகிய மேகநாதவதம். நிகழிடம் இலங்கை, தலைவன் இந்திரசித்து. வழிபாட்டிலிருந்த அவனை ஆயுதமற்ற நிலையில் இலக்குவன் கொல்கின்றான், மனைவி பிரமீளை உடன்தீ மூழ்குகின்றாள், இராவணன் புலம்புகின்றான். கம்பனிலும் மகனையிழந்த இராவணன் துயர் நம்மை உருக்குவதே. ஆயினும் இலக்குவனை இத்துணைத் தாழ்த்தியதை என் மனம் இன்றும் ஏற்கவில்லை. இறுதிச் சடங்கோடு நூல் முடிதல் ஹோமரைக் கற்றதன் பயன். கதையோ தாயார் சொன்னது.

1862இல், முப்பத்தெட்டாம் வயதில், கப்பலேறினார். கவிஞராகவன்று, சட்ட மாணவராக. ஊரிலிருந்து வரவேண்டிய பணம் வரவில்லை. பிரான்சிலே, வெர்சேயில், ஹென்றியேற்றா அம்மையாரோடும் பிள்ளைகளோடும் வறுமையுற்றபோது ஈசுவர சந்திர வித்தியாசாகரர் பொருள் அனுப்பிக் காத்தார். இளமையில் ஏங்கிய அந்த ஐரோப்பாவிலிருந்து அவர் வங்கமொழியிற் பதினான்கடிப் பாடல்கள் பாடினார். அவற்றுள் ஒன்று கபோதாட்ச ஆற்றைப் பற்றியது.

1867இல் பாரிஸ்ரராகத் திரும்பினார். வருவாயினும் செலவு மிகுந்தது. கடனும் நோயும் வளர்ந்தன. 1873 ஜூன் 26ஆம் நாள் ஹென்றியேற்றா மறைந்தார். மூன்றாம் நாள், ஆலிப்பூர் மருத்துவமனையில், மதுசூதனரும் மறைந்தார். தம் கல்லறைக்குரிய வாசகத்தை முன்னரே வங்கமொழியில் எழுதிவைத்திருந்தார். வழிச்செல்வோரைச் சற்றே நிற்குமாறு வேண்டும் அக்கல்லிலே சாகர்தாரியும் கபோதாட்சமும் உள்ளன. தந்தையின் பெயர் உளது. ஈற்றில், ஜானவி என்னுந் தாயின் பெயரும் உளது.