வீரத் திருமகனார் ஜார்ஜ் ஜோர்டன்

அமெரிக்க ஐக்கிய நாட்டில், டென்னசி மாநிலத்து வில்லியம்சன் மாவட்டத்தில், 1847ஆம் ஆண்டு வாக்கில் அடிமையாகப் பிறந்தவர் ஜார்ஜ் ஜோர்டன். பிறர் உடைமையாகக் கருதப்பட்ட அக்கறுப்பினக் குழந்தைக்குக் கல்வி எட்டாக் கனியாயிற்று. 1865இல் அடிமை முறை சட்டத்தால் ஒழிந்தது. மறு ஆண்டே கறுப்பினத்தாருக்கெனத் தனிப் படைப்பிரிவுகளை அரசு அமைத்தது. அதிகாரிகள் வெள்ளையர்; படைவீரனின் மாதச் சம்பளம் 13 டாலர். 1866இல் நாஷ்வில் நகரில் காலாட்படையில் சேர்ந்தபோது ஜோர்டனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

அப்படைப்பிரிவு ஒவ்வொன்றிலும் வீரர்களுக்குக் கல்வி புகட்டும் கடமை, சமய குரு ஒருவரிடம் சட்டப்படி ஒப்படைக்கப்பட்டிருந்தது. ஜோர்டன் படைப் பணிக்கிடையே எழுத்தறிவு பெற்றார். 1870இல் ஒன்பதாம் குதிரைப்படைக்கு மாறிய அவர், பின்னர் சார்ஜெண்ட் பதவிக்கு உயர்ந்தார்.

1880 மே 14 அன்று நியூ மெக்சிகோவில் உள்ள டுலரோசா கோட்டையை, 25 வீரர்களுக்குத் தலைமை தாங்கி அவர் காத்து நின்றார். நூற்றுக்கும் மேற்பட்ட அப்பாச்சிப் போர்வீரர்களின் தாக்குதல் முறியடிக்கப்பட்டது. 1881 ஆகஸ்ட் 12 அன்று கரிசோ பள்ளத்தாக்கில், 19 பேர் கொண்ட சிறு படையின் வலப்புறத்தை நடத்தினார். மறைவற்ற இடத்தில் அசையாது நின்று, பகைவர் சூழ்ந்துகொள்ளாதவாறு தடுத்தார். இவ்வீரச் செயல்களுக்காக 1890இல் மெடல் ஆஃப் ஹானர் என்னும் உயரிய பதக்கம் வழங்கப்பட்டது.

தம் மண்ணுக்காகப் போராடிய அப்பாச்சி மக்களும் ஒடுக்கப்பட்டோரே. ஒடுக்கப்பட்டவரைக் கொண்டே ஒடுக்கப்பட்டவரை அடக்கிய அரசின் கொடுமையையும் நாம் மறத்தலாகாது.

முப்பதாண்டு பணிக்குப் பின் 1897இல் ஓய்வு பெற்ற ஜோர்டன், நெப்ராஸ்கா மாநிலத்தில் ராபின்சன் கோட்டைக்கு அருகிலுள்ள கிராஃபர்ட் ஊரில் குடியேறினார். 1904இல் நோயுற்றுக் கோட்டை மருத்துவமனையை நாடினார். அங்கே அவருக்கு இடம் மறுக்கப்பட்டது. தொலைவிலுள்ள வாஷிங்டன் படைவீரர் இல்லத்துக்குச் செல்லுமாறு கூறப்பட்டது. அவ்வாண்டு அக்டோபர் 24 அன்று அவர் உயிர் நீத்தார். தக்க கவனிப்பின்றி அவர் மாண்டதாகக் கோட்டையின் சமய குருவே அறிக்கை அளித்தார். உயிரோடிருந்தபோது கட்டில் மறுத்த கோட்டை, இறந்தபின் முழு இராணுவ மரியாதையுடன் அவரை அடக்கம் செய்தது!

இளைஞர்காள்! பதக்கம் பெற்றவருக்கும் உரிமை தானே வந்து சேரவில்லை. வீரத்தைப் போற்றும் உலகம், மனிதனை மதிக்க மறந்துவிடுகிறது. ஆயினும் வளர்ந்தபின் படைமுகாமில் அவர் கற்ற எழுத்தை எவராலும் பறிக்க முடியவில்லை. கல்லுங்கள், உரிமையைக் கேட்டுப் பெறுங்கள். ஜோர்டனின் வாழ்வு நமக்கு உணர்த்தும் பாடம் இதுவே.